குரல்வளை ஆபரேஷன் முடிஞ்சு 12 நாள்: சத்தம் நின்னுடுச்சு, பால்தான் சரியா இறங்கல

மடிப்பாக்கம்_அம்மா · இரவு 1.12

தூக்கம் வரல, அதான் இங்க எழுதறேன். பையனுக்கு நாலரை மாசம். பிறந்த ரெண்டாவது வாரத்துலேர்ந்து மூச்சு இழுக்கும்போது கர்ர்னு ஒரு சத்தம். மல்லாக்கப் படுத்தா அதிகமாகும், அழுதா இன்னும் அதிகம். முதல்ல சளின்னாங்க. மாமியார் உரம் விழுந்திருக்குன்னு புடவையில போட்டு உருட்டினாங்க. தெருக்கோடியில ஒருத்தர்கிட்ட தொக்கம் எடுக்கலாம்னு கிளம்பினப்போ நான் கதவைச் சாத்திட்டேன்.

2.8 கிலோவுல பிறந்தவன் நாலு மாசத்துல 4.3தான். பால் குடிக்கிறப்ப நெஞ்சுக்கு நடுவுல குழி விழும். ஒரு நாள் உதடு நீலமாச்சு. அப்புறம்தான் மூக்கு வழியா கேமரா விட்டுப் பார்த்து லாரிங்கோமலேசியா (குரல்வளை தளர்ந்து மூச்சு இழுக்கும்போது உள்ள விழற பிரச்சினை), அதுலயும் கடுமையான வகைன்னு சொன்னாங்க. குரல்வளை வாசலைச் சரிபண்ற சூப்ராகிளாட்டோபிளாஸ்டி ஆபரேஷன் பண்ணாங்க. எல்லாம் வாய் வழியாவே, வெளியில ஒரு கீறல்கூட இல்ல.

சத்தம் முக்கால்வாசி போயிடுச்சு. ஐசியூவுலேர்ந்து வார்டுக்கு வந்த முதல் ராத்திரி அவன் சத்தமில்லாம தூங்கறதைப் பார்த்து பயந்துபோய் மூக்குக்குக் கீழ விரல் வெச்சுப் பார்த்தேன். நாலரை மாசமா அந்தச் சத்தம்தானே எனக்கு அவன் மூச்சு.

ஆனா பால். மூணாவது நாள் நர்ஸ் பாலாடையில 10 மில்லி குடுத்தாங்க. இருமல் இல்ல, புரையேறல. "பாருங்க, சமர்த்தா குடிக்கிறான்"னாங்க. குடிச்சு முடிச்சதும் குரல் மட்டும் ஈரமா, நுரைச்ச மாதிரி கேட்டுச்சு. மறுநாள் காய்ச்சல், வேக மூச்சு. எக்ஸ்ரேல வலது பக்கம் வெள்ளையா ஒரு திட்டு. ஆன்டிபயாட்டிக் போட்டு சரியாயிடுச்சு. இப்ப மூக்கு வழியா வயித்துக்குப் போற பால் டியூபோட வீட்டுக்கு வந்திருக்கோம். டிஸ்சார்ஜ் பேப்பர்ல "டியூப் ஃபீட் தொடரவும்"னு ஒரே ஒரு வரி. எத்தனை நாள், யார்கிட்ட போகணும், எப்ப எடுக்கறது, ஒண்ணுமே எழுதல.

யாருக்காவது இப்படி ஆச்சா? ஆபரேஷன் தப்பாப் போயிடுச்சா?

பல்லாவரம்_அப்பா · இரவு 1.40

சிஸ்டர், எங்க பொண்ணுக்கு இதே ஆபரேஷன், இதே டியூப். ஏழு வாரம் இருந்துச்சு. இப்ப மூணு வயசு, பிரியாணி சாப்பிடறா.

ஒண்ணு சொல்றேன். நம்ம ஊர்ல புரையேறினா தலையில தட்டி "யாரோ நெனைக்கிறாங்க"ன்னு சொல்வோம். என் பொண்ணுக்கு யாருமே நெனைக்கல. அவ்வளவு அமைதியா பால் நுரையீரலுக்குப் போயிட்டிருந்துச்சு. இருமலே வராத குழந்தையை நம்பாதீங்க. எங்களுக்கு அது தெரியவே ரெண்டு நிமோனியா ஆச்சு.

முழுங்கறதைச் சோதிக்க எக்ஸ்ரே வீடியோ ஒண்ணு இருக்கு. அதைக் கேளுங்க. நீங்களா கேட்டாத்தான் எழுதிக் குடுப்பாங்க.

விழுங்கல்_தெரபிஸ்ட் · காலை 6.55

பேச்சு மற்றும் விழுங்கல் சிகிச்சையாளராக இந்த ஊரில் வேலை செய்கிறேன். குழந்தையை நான் பார்க்கவில்லை, அதனால் பொதுவாகத்தான் சொல்ல முடியும். அம்மா, முதலில் ஒரு கேள்வி. ஆபரேஷனுக்கு முன்னால் அவன் எப்படிக் குடித்தான்? ஒரு வேளைப் பாலுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? மூக்கு வழியாகப் பால் வந்ததுண்டா?

இதைக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. குழந்தை பால் குடிக்கும்போது சப்புவது, முழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒரு தாளத்தில் மாறி மாறி நடக்க வேண்டும். முழுங்கும் அந்த ஒரு கணம் மூச்சு நிற்கும். ஏற்கெனவே காற்றுக்குத் திண்டாடும் குழந்தையால் அந்தக் கணத்தைக்கூட விட்டுத்தர முடியாது. முழுங்கும் நடுவிலேயே மூச்சை இழுத்துவிடும், கூடவே பாலும் போகும். ஆகவே கடுமையான லாரிங்கோமலேசியா உள்ள பல குழந்தைகளுக்கு விழுங்கல் கோளாறு கத்தி படுவதற்கு முன்பே இருக்கிறது. அப்போது மூச்சுச் சத்தம் எல்லாருடைய கவனத்தையும் இழுத்துக்கொள்ளும். சத்தம் நின்ற பிறகுதான் மற்றது கண்ணில் படுகிறது.

மடிப்பாக்கம்_அம்மா · காலை 7.20

மேடம், ஒரு வேளைக்கு 50 நிமிஷம் ஆகும். நெத்தியெல்லாம் வேர்த்துடும். பாதியில விட்டுட்டுத் திணறுவான், மறுபடி பிடிப்பான். மூக்குல பால் வர்றது தினமும் உண்டு. எதுக்களிப்புன்னு சிரப் குடுத்தாங்க. இதெல்லாம் குழந்தைங்களுக்கு சகஜம்னு நெனைச்சுட்டேனே.

விழுங்கல்_தெரபிஸ்ட் · காலை 7.45

நீங்கள் மட்டும் அப்படி நினைக்கவில்லை, வருத்தப்படாதீர்கள். எதுக்களிப்பும் இந்த நோயும் பெரும்பாலும் ஒட்டிப் பிறந்த மாதிரிதான் வரும். இரைப்பை அமிலம் அடிக்கடி குரல்வளையில் பட்டுப் பட்டு அந்த இடத்தின் உணர்வு மழுங்கிவிடும். அங்கே பால் பட்டாலும் "இருமு" என்ற கட்டளை பிறப்பதில்லை. பல்லாவரம் அப்பா சொன்ன அமைதி அதுதான்.

இனி வாயால் எதுவும் கொடுப்பதை டாக்டரிடம் கேட்கும்வரை நிறுத்திவையுங்கள், பாலாடை உட்பட. பாலாடை நல்ல சாதனம்தான், குறைமாதக் குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலேயே பயன்படுத்துகிறார்கள். ஆனால் அதில் பால் எவ்வளவு, எப்போது என்பதை ஊற்றுகிற கைதான் முடிவு செய்கிறது. முழுங்கத் தடுமாறும் குழந்தைக்கு அது ஆகாது.

அம்பத்தூர்_பாட்டி · காலை 9.10

கண்ணு, என் பேத்தியும் இப்படித்தான் இருந்தா. பால் தண்ணியா இருக்கறதாலதான் தப்பான வழியில ஓடுது. கொஞ்சம் ராகிப் பால் காய்ச்சி கெட்டியாக் கலந்து குடு. நாக்குல துளி தேன் தடவு. குளிப்பாட்டி மூக்குல ரெண்டு சொட்டு விளக்கெண்ணெய் விட்டா தொண்டை இளகும். அப்புறம் சாம்பிராணி காட்டு.

விழுங்கல்_தெரபிஸ்ட் · காலை 9.32

பாட்டி, கோபித்துக்கொள்ளாதீர்கள். கெட்டியாக்கினால் மெதுவாகப் போகும் என்று சொன்னீர்களே, அந்த யோசனை உலகம் முழுக்க இருக்கிறது. நீங்கள் சொன்ன அத்தனையிலும் அது ஒன்றில் விஷயம் உண்டு. ஆனால் எவ்வளவு கெட்டி, எதனால் கெட்டி என்பதைச் சோதனை பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். தாய்ப்பாலில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி இருக்கிறது. மாவு கலந்து கெட்டியாக்கினால் சிறிது நேரத்தில் அது மறுபடி நீர்த்துவிடும். கெட்டியாக இருக்கிறது என்று நம்பிக் கொடுப்போம், உள்ளே போவது தண்ணீர். பாலைக் கெட்டியாக்கக் கடையில் விற்கும் சாந்தன் கம் என்ற பசை வகைப் பொடியும் கைக்குழந்தைக்கு வேண்டாம். குடல் பாதிப்பு வந்ததால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்த வகைத் தயாரிப்பு ஒன்றுக்கு 2011-ல் குறைமாதக் குழந்தைகள் விஷயத்தில் எச்சரிக்கை விட்டது, 2012-ல் எல்லாக் கைக்குழந்தைகளுக்கும் அதை விரித்தது.

தேன் ஒரு வயது முடியும்வரை கூடவே கூடாது. எண்ணெய் விஷயத்தில் நான் கறாராகத்தான் பேசுவேன். மூக்கில் விட்ட எண்ணெய் இருமலைத் தூண்டாமலே நுரையீரலுக்குள் இறங்கும். இறங்கியது அங்கேயே தங்கும், அதனால் வருவது ஒரு தனி வகை நிமோனியா. இந்தக் குழந்தைக்கு அது வேண்டவே வேண்டாம். சாம்பிராணிப் புகையும், கொசுவத்தியும் அப்படியே.

அம்பத்தூர்_பாட்டி · காலை 9.50

கோவம் எல்லாம் இல்லம்மா. நாலு புள்ளைக்கும் எண்ணெய் விட்டுத்தான் வளர்த்தேன், ஒண்ணுக்கும் ஒண்ணும் ஆகல. ஆனா அதுங்களுக்குத் தொண்டையில ஆபரேஷனும் ஆகல. அது சரிதான்.

நேர்மையா_பேசுவோம் · பகல் 12.15

எல்லாரும் சுத்தி வளைச்சுப் பேசறீங்க. லாரிங்கோமலேசியா ஒண்ணரை, ரெண்டு வயசுல தானா சரியாகும்னு எல்லா இடத்துலயும் போட்டிருக்கு. காசுக்காக வெட்டிட்டாங்க. வெட்டினதாலதான் இப்ப முழுங்க முடியல. இதைச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்ல.

காதுமூக்கு_பிஜி · பகல் 2.05

காது மூக்கு தொண்டைப் பிரிவுல ரெண்டாம் வருஷ முதுநிலை மாணவன். அண்ணன் சொன்னதுல பாதி உண்மை, அதனாலதான் பதில் போடறேன்.

பெரும்பாலான குழந்தைங்களுக்கு ஆபரேஷன் வேண்டாம், நிஜம். நூத்துக்குப் பத்துலேர்ந்து இருபது பேருக்குத்தான் தேவைப்படும். எந்தப் பத்துங்கறதுதான் கேள்வி. எடை ஏறாதவன், நெஞ்சு குழி விழறவன், உதடு நீலமாகறவன். இந்த அம்மா மூணையும் எழுதியிருக்காங்க. இவனை ரெண்டு வயசு வரைக்கும் பார்த்துட்டு இருக்கலாம்னு எந்த டாக்டரும் சொல்ல மாட்டாங்க.

"வெட்டினதால" விஷயத்துக்கு வர்றேன். குரல்வளை வாசலோட ரெண்டு பக்கமும் மடிப்பு மாதிரி ஒரு தசைச்சுவர் உண்டு. வயல்ல வாய்க்காலுக்கு வரப்பு இருக்கே, அந்த மாதிரி. பால் நாக்கு மேலேர்ந்து இறங்கி வரும்போது, இந்த வரப்பு அதை நடுவுல விடாம ரெண்டு ஓரமாப் பிரிச்சு, பின்னாடி இருக்கற உணவுக்குழாய்க்கு அனுப்பும். லாரிங்கோமலேசியாவுல இந்த வரப்பு குட்டையா, இழுத்துக் கட்டின மாதிரி இருக்கும். மேல இருக்கற மூடி சுருண்டு ஒமேகாங்கற கிரேக்க எழுத்து (Ω) மாதிரி ஆயிடும். பின்னாடி மிச்சமா தொங்கற சவ்வு மூச்சு இழுக்கும்போது உள்ள விழுந்து அடைக்கும். ஆபரேஷன்ல இறுகின வரப்பை வெட்டி விடறோம், தொங்கற சவ்வை நறுக்கறோம். கத்தரிக்கோல், லேசர், கோப்லேஷன்ங்கற ரேடியோ அலைக் கருவி, எது வேணா இருக்கலாம்.

கொஞ்சமா வெட்டினா சத்தம் போகாது. அதிகமா வெட்டினா வரப்பு தாழ்ந்து பால் நடுவுல வழியும், இல்லன்னா தழும்பு கட்டி வாசலே சுருங்கிடும். அதனால எங்க யூனிட்ல பெரியவங்க எப்பவும் சொல்றது: குறைவா எடு, பத்தலைன்னா இன்னொரு நாள் வா. ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல இருக்கற சவ்வைத் தொடவே கூடாது.

அதனால வெட்டினதால விழுங்கல் பிரச்சினை வரவே வராதுன்னு சொல்ல மாட்டேன். வரும். முதல் சில நாள் வீக்கமும் வலியும்கூட அதுக்குக் காரணம். ஆனா நரம்புக் கோளாறோ வேற பிறவிக் குறையோ இல்லாத குழந்தைக்குப் பெரும்பாலும் சில வாரத்துல, மிஞ்சிப்போனா சில மாசத்துல அடங்கிடும். அடங்கலைன்னா வேற எதையாவது தவறவிட்டுட்டோமான்னு தேடணும். குரல்நாண் ஒண்ணு அசையாம இருக்கலாம், குரல்வளைக்குப் பின்னாடி பிறவிலேயே ஒரு பிளவு இருக்கலாம்.

நேர்மையா_பேசுவோம் · பகல் 2.30

சரி, மூணு அறிகுறி எழுதியிருந்ததை நான் சரியாப் படிக்கல. ஆனா டிஸ்சார்ஜ்ல ஒரே வரி எழுதினது தப்புதானே?

காதுமூக்கு_பிஜி · பகல் 2.41

தப்புதான். அதுல உங்களோட நிக்கறேன்.

மடிப்பாக்கம்_அம்மா · மாலை 6.30

எல்லாருக்கும் நன்றி. டாக்டருக்கு போன் பண்ணி விழுங்கல் டெஸ்ட் எழுதி வாங்கிட்டோம், அடுத்த செவ்வாய். அதுவரைக்கும் டியூப்ல மட்டும். எனக்கு டியூப்தான் பயம். நர்ஸ் காத்து ஊதி ஸ்டெத்ல கேக்கச் சொன்னாங்க. எனக்கு எல்லாம் ஒரே மாதிரி கேக்குது.

பல்லாவரம்_அப்பா · மாலை 7.02

சிஸ்டர், காத்து சத்தத்தை மட்டும் நம்பாதீங்க. டியூப் இடம் மாறினாலும் சத்தம் ஏமாத்தும். மூக்கு ஓரத்துல டியூப் எந்த நம்பர்ல நிக்குதோ அதை பேனாவால கோடு போட்டு சுவர்லயும் எழுதி ஒட்டுங்க. ஒவ்வொரு தடவையும் சிரிஞ்சுல கொஞ்சம் இழுத்து பிஎச் தாள்ல (அமிலம் காட்டற தாள்) தொட்டுப் பாருங்க, 5.5 இல்லன்னா அதுக்குக் கீழ இருந்தா வயித்துலதான் இருக்கு. எதுக்களிப்பு மருந்து குடுத்தா நம்பர் அதிகமாக் காட்டும், அதனால அதை டாக்டர்கிட்ட கேட்டு வெச்சுக்குங்க. சந்தேகமா இருந்தா பால் விடாதீங்க.

சிரிஞ்ச் பிஸ்டனை எடுத்துட்டு, பாலை ஊத்தி, கையை உசத்திப் பிடிச்சா தானா இறங்கும். அழுத்தித் தள்ளாதீங்க. என் மனைவி ஒரு தடவை அவசரத்துல தள்ளிட்டா, மொத்தமும் வாந்தி. கன்னத்து பிளாஸ்டரைப் பிச்சு எடுக்காம தேங்காய் எண்ணெய் தொட்டு உரிச்சா தோல் போகாது. எண்ணெய் கன்னத்துக்கு மட்டும்தான் பாட்டி!

அம்பத்தூர்_பாட்டி · இரவு 7.15

போடா.

விழுங்கல்_தெரபிஸ்ட் · இரவு 8.20

ஒன்று சேர்க்கிறேன். டியூபில் பால் இறங்கும் நேரத்தில் வாய்க்கும் வேலை வேண்டும். இல்லாவிட்டால் வயிறு நிறைவதற்கும் வாய்க்கும் சம்பந்தமே இல்லை என்று குழந்தை பழகிவிடும். பாலை முழுக்கக் கறந்து எடுத்துவிட்டு, காலியான மார்பில் சப்ப விடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள். தாய்க்கும் அது நல்லது.

காய்ச்சல், மூச்சு வேகம், நெஞ்சு உள்ளிழுப்பு, உதடு நீலமாவது. இவற்றில் ஒன்று வந்தால் செவ்வாய்வரை காத்திருக்க வேண்டாம், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வண்டி இல்லையென்றால் 108.

மடிப்பாக்கம்_அம்மா · ஒன்பது நாள் கழித்து, இரவு 10.05

டெஸ்ட் முடிஞ்சுது. பேரியம் கலந்த பாலைக் குடுத்து எக்ஸ்ரேல படம் மாதிரி எடுத்தாங்க. ஐயாவுக்கு அந்த ருசி பிடிக்கல, துப்பினான். அங்க இருந்த பொண்ணு ரொம்பப் பொறுமை. நானும் உள்ள ஈயக் கோட்டு மாட்டிக்கிட்டு நின்னேன். கோட்டோட கனத்துல கை நடுங்கினதா, பயத்துலயான்னு தெரியல.

திரையில பார்த்தேன். கறுப்பா ஒரு கோடு இறங்குது. நாலு முழுங்கல் சரியாப் போச்சு. அஞ்சாவதுல ஒரு இழை முன்பக்கமா வழுக்கி குரல்நாணையும் தாண்டி இறங்குச்சு. அவன் முகத்துல ஒண்ணுமே இல்ல, சப்பிக்கிட்டே இருக்கான். நீங்க எல்லாரும் சொன்னதை அன்னிக்குக் கண்ணால பார்த்தேன்.

அப்புறம் ஒருக்களிச்சுப் படுக்க வெச்சு, மெதுவா வர்ற நிப்பிள் போட்டு, மூணு சப்புக்கு ஒரு தடவை பாட்டிலைத் தாழ்த்திக் குடுத்தாங்க. அப்ப வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போச்சு, உள்ள இறங்கல. அதனால ஒரு நாளைக்கு மூணு வேளை, வேளைக்கு 10 மில்லி, அதே மாதிரி ஒருக்களிச்சு. மிச்சம் டியூப். கெட்டிப்படுத்த வேண்டாம்னுட்டாங்க. எதுக்களிப்பு மருந்து தொடருது. எடை 4.7.

மாமியார்கிட்ட அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினேன். ரெண்டு தடவை பார்த்தாங்க. மறுநாள் சாம்பிராணித் தட்டு பரண் மேல ஏறிடுச்சு, நான் ஒரு வார்த்தை சொல்லல.

பெரம்பூர்_புதுஅம்மா · மறுநாள் காலை 11.30

எனக்கும் இதே பிரச்சினை, பொண்ணுக்கு மூணு மாசம், அடுத்த வாரம் ஆபரேஷன். முன்னாடியே விழுங்கல் டெஸ்ட் எடுக்கச் சொல்லிக் கேக்கலாமா?

காதுமூக்கு_பிஜி · பகல் 1.15

கேளுங்க அக்கா. பால் குடிக்கிறப்ப திணறல், அடிக்கடி நெஞ்சுச் சளி, எடை ஏறாதது இருந்தா கண்டிப்பா கேளுங்க. எக்ஸ்ரே இல்லாம மூக்கு வழியா மெல்லிய கேமரா விட்டு, தாய்ப்பால் குடிக்கும்போதே பார்க்கற முறையும் உண்டு. பாலுக்குக் கொஞ்சம் பச்சைக் கலர் சேர்ப்பாங்க, வழி தெரியறதுக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்து வெச்சா, பின்னாடி எது புதுசு எது பழசுன்னு சண்டை வராது. குறைமாசத்துல பிறந்தவளா, தசை தளர்ச்சியா, வேற சிண்ட்ரோம் ஏதாவது இருக்கான்னும் சொல்லிடுங்க. அப்படிப்பட்ட குழந்தைங்க முழுங்கப் பழக நாளாகும். சிலருக்கு வயித்துல நேரா டியூப் வைக்க வேண்டியும் வரலாம். அதை இப்பவே பேசிடறது நல்லது.

வசதி இல்லன்னு தயங்கிட்டு இருந்தா, எழும்பூர் குழந்தைகள் அரசு மருத்துவமனையில காமிங்க. கூட்டம் இருக்கும், காலையிலேயே போயிடுங்க.

மடிப்பாக்கம்_அம்மா · ஐந்து வாரம் கழித்து, மாலை 5.48

இன்னிக்குக் காலையில 30 மில்லி குடிச்சுட்டிருந்தான். திடீர்னு புரையேறி, முகம் செவந்து, கண்ணுல தண்ணி வர அளவுக்கு இருமித் தள்ளினான். சத்தமா. மாமியார் ஓடி வந்து தலையில தட்டி, "யாருடா ராசா உன்னை நெனைக்கிறது"ன்னாங்க. நான் ஹால்ல உக்காந்து அழுதுட்டேன். அவங்க பயந்துட்டாங்க. ஒண்ணுமில்ல அத்தை, அவனுக்கு இரும வந்துடுச்சுன்னேன்.

பல்லாவரம்_அப்பா · மாலை 5.55

🙏 நான்தான் நெனைச்சேன் சிஸ்டர்.

விழுங்கல்_தெரபிஸ்ட் · இரவு 9.10

மகிழ்ச்சி. ஆனால் இருமினான் என்றால் பால் இன்னும் வாசலைத் தொடுகிறது என்றும் அர்த்தம். உணர்வு திரும்புகிறது, வழி இன்னும் முழுக்கச் சரியாகவில்லை. நிப்பிளையும் ஒருக்களித்த நிலையையும் மாற்றாதீர்கள். அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். அடுத்த சோதனை என்றைக்கு?

மடிப்பாக்கம்_அம்மா · இரவு 9.22

வர்ற வியாழன் மேடம். காலை பத்து மணிக்கு.